டிரைக்கோடெர்மாவா, சூடோமோனாஸா?

வேரழுகலுக்கும் நாற்றழுகலுக்கும் ரசாயனத்தைத் தேடும் முன் இந்த இரண்டையும் பாருங்கள். இரண்டும் உயிருள்ளவை, ஆனால் வேலை செய்யும் விதம் வேறு.

டிரைக்கோடெர்மா விரிடி ஒரு பூஞ்சை. நோய்ப் பூஞ்சையின் இழைகளைச் சுற்றிப் படர்ந்து, நொதிகளைச் சுரந்து, அதன் செல்சுவரைக் கரைத்து உண்கிறது. பூஞ்சையைப் பூஞ்சையே வேட்டையாடும் இந்தக் காட்சியை நுண்ணோக்கியில் பார்த்தால் வியப்பு அடங்காது! மட்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரமுள்ள மண்ணில் இட்டால் நன்கு பெருகும். விதைநேர்த்திக்கு, அதாவது விதைக்கும் முன் விதையில் கலக்க, கிலோ விதைக்கு 4 கிராம் போதும்.

சூடோமோனாஸ் புளோரசன்ஸ் ஒரு பாக்டீரியா. வேரைச் சுற்றியுள்ள இரும்புச்சத்தைக் கவர்ந்துகொண்டு நோய்க்கிருமியைப் பட்டினி போடுகிறது; செடியின் சொந்த எதிர்ப்பாற்றலையும் தூண்டிவிடுகிறது. விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம். இலைகளிலும் தெளிக்கலாம் என்பதால் நெல்லின் குலைநோய் போன்றவற்றுக்கு இதையே தேர்ந்தெடுப்பேன். மண்வழி நோய் என்றால் என் கை முதலில் டிரைக்கோடெர்மாவை நோக்கித்தான் போகும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த விதையில் டிரைக்கோடெர்மாவைச் சேர்த்தால் அது செத்துப்போகும். சூடோமோனாஸுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற பாக்டீரியக்கொல்லிகள் பகை. பொட்டலத்தின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.