பேஸ் கிட்டார் கிட்: எண்ணெய் பூசுவதா, லேக்கர் அடிப்பதா?
பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கிட்டாரில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்), ஒயரிங் எல்லாம் அப்புறமும் மாற்றிக்கொள்ளலாம். கிட்டார் உடலின் மேற்பூச்சை மாற்றுவதென்றால் மறுபடி முழுக்கத் தேய்க்க வேண்டியதுதான். அதனால் இதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

டங் எண்ணெய் (டங் மரக் கொட்டையிலிருந்து எடுக்கும், மரத்தில் ஊறிக் காயும் எண்ணெய்) நிதானமான வேலை. 320 எண் உப்புத்தாளால் மர ரேகை ஓடும் திசையில் தேய்த்து, துணியால் மெல்லிசாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்துக் காயவிட்டு, அடுத்த பூச்சு. கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பூசினால் போதும். ஆனால் பல கிட்களில் உடலுக்குத் தொழிற்சாலையிலேயே சீலர் (மரத்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) அடித்திருப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சாமல் முத்தாக நின்றால் எண்ணெயும் உள்ளே இறங்காது. அந்த சீலரைத் தேய்த்து எடுப்பதுதான் இதில் பெரிய தலைவலி. பாஸ்வுட் போன்ற மென்மையான மரத்தில் இடிபட்டால் பள்ளம் விழுவதையும் எண்ணெய் தடுக்காது. இன்னொன்று: எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடுங்கள்.

பளபளப்பும் அடர்ந்த நிறமும் வேண்டுமென்றால் லேக்கர், அதாவது மரத்தின் மேல் கெட்டிப் படலமாகக் காயும் பூச்சு. காற்றோட்டமான, தூசியில்லாத இடமும் நல்ல ரெஸ்பிரேட்டரும் (ஆவியை வடிகட்டும் முகமூடி) கட்டாயம். நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் இறுக வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டுப் பாலிஷ் போட்டால் பிறகு சுருங்கி மரத்துளைகள் தெரியும். கழுத்து உட்காரும் குழியை டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். அங்கே பூச்சு ஏறினால் கழுத்து இறுக்கும். அழுத்தி இறக்கினால் ஓரத்தில் விரிசல்தான்.

முதல் கிட் என்றால் என் ஓட்டு எண்ணெய்க்கே. உடலுக்கு லேக்கர் அடித்தாலும் கழுத்தின் பின்புறத்துக்கு எண்ணெய் போடுங்கள், கட்டைவிரல் ஒட்டாமல் நகரும்.