மானூர்ப் பக்கத்தில் ரெடிமேட் காம்பவுண்ட் சுவர்: 105 ரூபாயில் தொடங்கிய கணக்கு

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில், மானூருக்கு வடக்கே எங்களுக்கு 44 சென்ட் புஞ்சை நிலம் இருக்கிறது. அதற்கு 2025 பிப்ரவரியில் ரெடிமேட் காம்பவுண்ட் சுவர் அமைத்தோம். ஓராண்டுக் காற்றையும் ஒரு வடகிழக்குப் பருவமழையையும் அந்தச் சுவர் பார்த்துவிட்டதால், அதை அமைத்துத் தந்த நிறுவனத்தின் வேலையைப் பற்றி இப்போது எழுதுவது பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். என் குறைகளில் சில இன்னும் தீராமல் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இந்த வகைச் சுவருக்கு விலை கேட்கும் எவருக்கும் இங்கே எழுதியிருப்பது பயன்படும். சுருக்கமாகச் சொன்னால், சுவரின் தரம் எனக்கு நிறைவளித்தது. விலையைச் சொல்லும் முறை நிறைவளிக்கவில்லை. அந்த முறையால் எங்கள் குடும்பத்துக்குள் இரண்டு மாதம் மனத்தாங்கல் இருந்தது.

நிலம் கிழக்கு மேற்காக 160 அடி, தெற்கு வடக்காக 120 அடி. வடக்கே பக்கத்து நிலத்துக்காரர் ஏற்கெனவே செங்கல் சுவர் கட்டியிருக்கிறார். தெற்கே சாலை, கிழக்கே ஓடைப் புறம்போக்கு, மேற்கே என் பெரியப்பா மகனுடைய (நான் அண்ணாச்சி என்று அழைப்பவர்) நிலம். 12 அடி வாசலை விட்டுவிட்டால் மொத்தம் 388 அடி நீளத்துக்கு, 6 அடி உயரத்தில் சுவர் தேவைப்பட்டது. அதாவது 2,328 சதுர அடி.

இந்தச் சுவரின் அமைப்பு எளிமையானது. பட்டறையில் வார்த்துக் கொண்டுவரும் எட்டரை அடித் தூண்களை ஏழு அடிக்கு ஒன்றாக நட்டு, இரண்டரை அடியை மண்ணுக்குள் விட்டுக் கான்கிரீட் போடுகிறார்கள். தூணின் இரு பக்கமும் இருக்கும் காடிகளில், ஓர் அடி உயரமும் இரண்டு அங்குலக் கனமும் உள்ள பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குகிறார்கள். வானம் தோண்டி அஸ்திவாரம் போட வேண்டியதில்லை. பூச்சு வேலையும் தண்ணீர் விட்டு ஆற்றும் வேலையும் இல்லை. ஏழு பேர் வந்து மூன்று நாளில் முடித்துவிட்டார்கள். எங்கள் ஊர்க் கொத்தனார் ஹாலோ பிளாக் சுவருக்கு ஓர் அடி நீளத்துக்கு 1,150 ரூபாய் வீதம் 4,46,200 ரூபாயும் 25 நாளும் கேட்டிருந்தார். அவர் கேட்டது நியாயமான விலைதான். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், இப்போது கட்ட நினைப்பவர்கள் கொத்தனாரிடமும் புதிதாக விலை கேட்பது நல்லது.

தொலைபேசியில் நிறுவனம் சொன்னது சதுர அடிக்கு 105 ரூபாய். “எல்லாம் சேர்த்தா?” என்று கேட்டேன், “எல்லாம் சேர்த்துத்தான்” என்றார்கள். அந்தக் கணக்கில் 2,44,440 ரூபாய் வருகிறது. கடைசியில் என் கையிலிருந்து போனது 3,45,440 ரூபாய். கூடிய 1,01,000 ரூபாயில் உடைமரங்களை அகற்றி நிலத்தைச் சமப்படுத்த ஜே.சி.பி.க்குக் கொடுத்த 9,600 ரூபாயும், வாசல் தூண் இரண்டையும் கட்டக் கொத்தனாருக்குக் கொடுத்த 24,000 ரூபாயும் அடக்கம். அவற்றுக்கு நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யாக 44,000 ரூபாய், லாரி வாடகையும் ஏற்றிறக்கக் கூலியுமாக 18,000 ரூபாய், கரிசல் பகுதியில் குழியை ஆழப்படுத்த 5,400 ரூபாய், ஆக 67,400 ரூபாய் அவர்கள் முன்பே அறிந்திருந்தும் சொல்லாத செலவு. இதைச் சேர்த்துப் பார்த்தால் சதுர அடி விலை 134 ரூபாயை நெருங்குகிறது. 134 என்று முதலிலேயே சொல்லியிருந்தாலும் அவர்களிடமே கொடுத்திருப்பேன், ஏனெனில் அந்த விலையிலும் இது ஹாலோ பிளாக் சுவரைவிட மலிவு. ஆனால் 105 என்ற எண்ணை நம்பி நான் அண்ணாச்சியிடம் பேசிவிட்டேன். வினை அங்கேதான் தொடங்கியது.

மேற்குப் பக்கத்து 120 அடி எங்கள் இருவர் நிலத்துக்கும் பொதுவான எல்லை. அங்கே எங்கள் தாத்தா காலத்திலிருந்து முள்வேலி இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை இரு வீட்டாரும் சேர்ந்து முள் வெட்டிக் கட்டுவோம். என் கிணற்று மோட்டாரின் ஒயரை யாரோ இரண்டு முறை அறுத்துச் சென்றுவிட்டதால் நான் சுவர் என்று முடிவு செய்தேன். செலவில் பாதியை அண்ணாச்சி தருவார் என்று நானாகவே எண்ணிக்கொண்டேன். 105 ரூபாய்க் கணக்கில் அந்தப் பக்கத்துக்கு 75,600 ரூபாய். பாதி 37,800 ரூபாய். அதைச் சொல்லிக் கேட்டபோது அவர் முகம் மாறிவிட்டது. “சுவரு வேணும்னு சொன்னது நீதானடே. எனக்குக் கம்பி வேலியே போதும். உம் மோட்டாருக்குக் காவலு. எனக்கு என்ன இருக்கு? காலை வெயிலத்தான மறைக்கும்” என்றார்.

அந்த வாதத்தை அன்று நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அவர் அந்த ஓரத்தில் உளுந்து விதைப்பவர். ஆறடிச் சுவர் கிழக்கே நின்றால் காலையில் முதல் நான்கைந்து பாத்திகளில் வெயில் விழாது என்பது உண்மைதான். சுவர் வந்தால் அவருடைய நிலத்துக்கும் விலை கூடும் என்று நான் சொன்னதற்கு, “விக்கப் போறவனுக்குத்தானடே அந்தக் கணக்கு” என்று பதில் வந்தது. கல்தூண் நட்டுக் கம்பி வலை கட்ட அடிக்கு 250 ரூபாய். 120 அடிக்கு 30,000 ரூபாய். அதில் பாதியான 15,000 ரூபாயைத் தருவதாகவும், அதற்கு மேல் ஒரு ரூபாயும் தன் பொறுப்பில்லை என்றும் அவர் உறுதியாக நின்றார்.

அண்ணாச்சியின் மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். அவனிடம் இதைச் சொன்னபோது, அங்கே மெக்சிகோ எல்லைச் சுவருக்கும் இதே வழக்குதான் என்று விவரமாகச் சொல்லியிருக்கிறான். 3,145 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த எல்லையில் சுவர் எழுப்புவேன், அதற்கு மெக்சிகோவே பணம் கொடுக்கும் என்று 2016 தேர்தலில் டிரம்ப் வாக்குக் கொடுத்தார்; மெக்சிகோ மறுத்துவிட்டது. செலவு 1,200 கோடி டாலர் வரை ஆகலாம் என்று அவர் சொல்லிவந்த நிலையில், 2017இல் அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் உள்ளறிக்கை 2,160 கோடி டாலர் என்று கணக்கிட்டது. 570 கோடி டாலர் கேட்டு நாடாளுமன்றத்தோடு நடந்த இழுபறியில் 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் அரசு அலுவலகங்கள் பல மூடிக் கிடந்தன. கடைசியில் கிடைத்தது 137.5 கோடி டாலர்தான். 2019 பிப்ரவரி 15 அன்று அவசரநிலை அறிவித்து, இராணுவக் கட்டுமானத்துக்கு ஒதுக்கிய நிதியை அந்தப் பக்கம் திருப்பினார்கள். இதையெல்லாம் மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அண்ணாச்சி, “அங்கயும் கடைசியில சுவரக் கேட்டவன்தான பணத்தத் தேடினான்” என்று என்னிடம் சொன்னார். என்னால் மறுக்க முடியவில்லை. முதலில் சொன்ன தொகையும் பின்னால் வந்த தொகையும் ஒன்றாக இல்லாமற்போனால் பேச்சு எவ்வளவு கெட்டுப்போகும் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏனென்றால் அதற்குள் நிறுவனம் வரியையும் லாரி வாடகையையும் சொல்லியிருந்தது; 37,800 என்று கேட்டுவிட்டு இப்போது நான் வேறொரு தொகையைச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் பக்கவாரியாகக் கணக்கு எழுதித் தரும்படி நிறுவனத்திடம் கேட்டேன். முதல் இரண்டு முறையும் மொத்தத் தொகையை மட்டும் எழுதிய ஒரு தாளையே அனுப்பினார்கள். மூன்றாம் முறை நேரில் சென்று, எதற்காகக் கேட்கிறேன் என்று விளக்கிய பிறகு, கணக்கு எழுதும் பெண் பத்து நிமிடத்தில் பிரித்துக் கொடுத்தார்: மேற்குப் பக்கம் 720 சதுர அடி, 75,600 ரூபாய், வரி 13,608 ரூபாய், லாரிச் செலவில் அந்தப் பக்கத்துப் பங்கு 5,567 ரூபாய், ஆக 94,775 ரூபாய். இவ்வளவு எளிதான காரியத்தை முதல் நாளே செய்திருக்கலாம். பொது எல்லையில் சுவர் வைக்கும் எல்லாருக்கும் இந்தத் தாள் தேவைப்படும் என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாதிருக்க வாய்ப்பில்லை.

அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் எங்கள் அத்தை பேசி முடித்தார். “அவன் தனியா வேலி போட்டா என்ன ஆகுமோ அத அவன் கொடுக்கட்டும். சுவரு உன் ஆசை, மிச்சத்த நீ பாரு” என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி 30,000 ரூபாய் தந்தார்; 64,775 ரூபாயை நான் ஏற்றுக்கொண்டேன். பாதியாகப் பிரிப்பதே நீதி என்று எண்ணியிருந்த எனக்கு, அத்தையின் கணக்கு இப்போது அதைவிடச் சரியாகப் படுகிறது.

பணம் தீர்ந்த பிறகு இடம் பற்றிய கேள்வி எழுந்தது. தூண் ஆறு அங்குல அகலம் உடையது. அதை எல்லைக்கோட்டின் மேல் நடுவதா, என் நிலத்துக்குள் தள்ளி நடுவதா என்பதைப் பொறுத்துச் சுவரின்மேல் இருவருக்கும் உள்ள உரிமை மாறும். இருவரும் பணம் போட்டதால் தூணின் நடு, கோட்டின்மேல் வர வேண்டும் என்று எழுதிக்கொண்டோம். நிறுவனத்தின் ஆட்கள் பழைய முள்வேலியையே எல்லையாக எடுத்துக்கொண்டு கயிறு கட்டத் தொடங்கினார்கள், நான்தான் நிறுத்தினேன். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, சர்வேயர் புலப்பட (நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்) நகலை வைத்து அளந்தபோது, முள்வேலி தெற்கு முனையில் எங்கள் பக்கம் ஒன்றேகால் அடி வளைந்திருந்தது தெரிந்தது. வடக்கு முனையில் அண்ணாச்சி பக்கம் முக்கால் அடி போயிருந்தது. அளக்காமல் தூண் நட்டிருந்தால் அது பேரப்பிள்ளைகள் காலம்வரை நீளும் வழக்காகியிருக்கும். எல்லைக்கல்லைக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே குழி தோண்டுவது என்பதை இந்நிறுவனம் ஒரு விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இனிச் சுவரின் நிலை. மேற்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் செம்மண்ணும் சரளும் கலந்த தரை. அங்கே ஆடிக் காற்றிலும் ஒரு தூண் அசையவில்லை. பலகைகளுக்கு இடையே விரிசலும் இல்லை. இறக்கும்போது உடைந்த ஒரு பலகையில் பார்த்தேன். உள்ளே 4 மி.மீ. கம்பிகள் மூன்று ஓடின. கான்கிரீட்டும் கெட்டியாகவே இருந்தது. உடைந்ததற்கு மாற்றுப் பலகையைக் கேட்காமலே தந்தார்கள்.

கிழக்கே ஓடையை ஒட்டிய பகுதி கரிசல். கோடையில் வெடித்து மழையில் உப்பும் மண் அது. இரண்டரை அடிக் குழி அங்கே போதாது என்று ஆட்களே சொன்னார்கள். 18 தூண்களுக்கும் மூன்றரை அடி தோண்டி, அடியில் ஓர் அடிக்குச் சரளும் கான்கிரீட்டும் போட, தூணுக்கு 300 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். நவம்பர் மழைக்குப் பிறகு நான்கு தூண்கள் ஓடைப் பக்கமாக இரண்டு அங்குலம் சாய்ந்தன. அதில் ஒன்றின் அடியைத் தோண்டிப் பார்த்தபோது, குழி இரண்டே முக்கால் அடியோடு நின்றிருந்தது. பணம் வாங்கிக்கொண்டு செய்யாமல் விட்ட வேலை இது. இந்த மதிப்புரையில் நான் சொல்லும் குறைகளில் பெரியது இதுவே. வேலை நடக்கும்போது கரிசல் நிலத்தில் ஒவ்வொரு குழியையும் அளவுகோல் விட்டுப் பார்த்த பிறகே தூணை இறக்க விடுங்கள். நான் தெற்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அதே கிழக்குப் பக்கத்தில் அவர்கள் செய்த நல்ல வேலை ஒன்றையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் எங்கள் ஓடை கரை மீறி நிலத்துக்குள் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டிய அந்த மழையைத் தாமிரபரணிக் கரையில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். முழுச் சுவராக அடைத்தால் நீர் தேங்கிச் சுவரையே தள்ளிவிடும் என்று அவர்களுடைய மேஸ்திரி தாமாகவே சொல்லி, மூன்று கண்ணுக்கு (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி ஒரு கண்) ஒன்றாக அடிப்பலகையை ஆறு அங்குலம் உயர்த்தி, அந்த இடைவெளியில் கம்பி வலை வைத்தார். அதற்குத் தனிக் கூலி கேட்கவில்லை. சென்ற நவம்பரில் நீர் அந்த வழியாக வந்த வேகத்திலேயே வடிந்தது.

சாய்ந்த தூண்களைப் பற்றிச் சொன்ன 19ஆம் நாள் ஆட்கள் வந்தார்கள். இரண்டை நிமிர்த்தி, குழியை அகலப்படுத்திக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். மற்ற இரண்டையும் ஈரம் காய்ந்தபின், பொங்கல் கழித்து வந்து செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஓராண்டு உத்தரவாதம் என்று வாயால் சொன்னதை இப்போது எழுத்தில் கேட்டு வாங்கியிருக்கிறேன். அவர்கள் வந்து சரிசெய்தால் அதையும் இதன் கீழே சேர்த்து எழுதுவேன்.