உப்புவெளி வெயிலில் உருண்டைச் சலாது: 9,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

திருகோணமலையில் வீட்டுத்தோட்டம் செய்கிறவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். லெட்டூஸ் என்கிற சலாதை “சுடுநாட்டுச் சலாது முழு செட்” என்று ஒருவர் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் விளம்பரம் போட்டு விற்கிறார். மே மாதக் கடைசியில் 9,800 ரூபாய் அனுப்பி நான் வாங்கினேன். நீங்கள் வாங்காதீர்கள்.

எங்கள் வீடு உப்புவெளிப் பக்கம், மணல் நிலம். மாரியில் சலாது எனக்கு நன்றாகவே வரும். உருண்டை கட்டாத இலைச் சலாது, மாசி வரைக்கும் பறிப்போம். கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் எல்லாம் முடிந்துவிடும். பிறகு நுவரெலியாவிலிருந்து லொறியில் வருவதைத்தான் வாங்க வேண்டும், அதுவும் பாதி வாடித்தான் கிடைக்கும். மகள் சோற்றோடு கூடப் பச்சைச் சலாது கேட்கிற பிள்ளை. கோடையிலும் வீட்டிலேயே கிடைத்தால் எவ்வளவு நல்லது என்று நெடுநாளாக ஆசை. அந்த ஆசையில்தான் விழுந்தேன்.

“அக்கா, இது புது ரகம். முப்பத்தஞ்சு பாகை வெயிலிலயும் உருண்டை கட்டும். நாப்பத்தஞ்சாம் நாள் கோவா மாதிரி வெட்டலாம்” என்று குரல் பதிவு அனுப்பினார். 24 நாற்று, இரண்டு விதைப் பைக்கற், வெயிலில் 75 சதவீதத்தை மறைக்கும் என்று சொன்ன நிழல் வலை, ஒரு பை தும்புத்தூள். முழுக் காசையும் முதலே வங்கியில் போடச் சொன்னார். போட்டேன். நாலாம் நாள் கண்டி பஸ்ஸில் பெட்டி வந்தது.

நாற்றைத் தட்டிலிருந்து கழற்றியபோதே மனம் சரியில்லை. அடியில் வேர் வட்டம் வட்டமாகச் சுற்றி நூற்கண்டு போல இருந்தது. நடவேண்டிய நாள் எப்போதோ கடந்த நாற்று அது. ஆனாலும் அன்று பின்னேரமே நட்டு, வலை கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். பத்தொன்பதாம் நாள் பார்த்தால், உருண்டை கட்ட வேண்டிய நடுக்குருத்து தண்டாக மேலே கிளம்பியிருந்தது. ஒன்றிரண்டு அல்ல, உயிரோடு இருந்த 17 செடியும் அப்படித்தான். ஒரு தண்டை நகத்தால் கிள்ளினேன், வெள்ளைப் பால் சொட்டியது. இலையை வாயில் வைக்க முடியாத கசப்பு.

படம் எடுத்து அனுப்பினேன். “நீங்க தண்ணி காணாம விட்டிருக்கிறீங்க” என்றார். விதையும் முளைக்கவில்லை என்றேன். “சூட்டில சலாது விதை முளைக்காது அக்கா, குளிர்ச்சியா வைக்கோணும்” என்றார். வெயிலுக்கென்று விற்ற விதைக்கு இதுதான் பதில். ஆனால் அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. மண் 30 பாகையை நெருங்கினால் நல்ல சலாது விதைகூட முளைக்காமல் உறங்கிவிடும். அதனால் உடனே சண்டை பிடிக்காமல் சோதித்துப் பார்த்தேன்.

இரண்டு ஈரத் துணி எடுத்தேன். ஒன்றில் அவருடைய விதை 20, மற்றதில் டவுனில் வாங்கிய சாதாரண இலைச் சலாது விதை 20. இரண்டையும் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைத்து, பிறகு மண்பானைக்குப் பக்கத்தில் வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்தேன். ஐந்தாம் நாள் கடை விதையில் 17 முளைத்திருந்தது. அவருடையதில் 2.

அப்புறம்தான் பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் திகதி இருந்த இடம் விரலுக்குக் கொஞ்சம் தடிப்பாகத் தெரிந்தது. சோறு கொதிக்கும் பானையின் ஆவியில் ஒரு நிமிடம் பிடித்தேன். வெள்ளை ஸ்டிக்கர் சுருண்டு கழன்றது. மேலே 2026 என்று இருந்ததற்குக் கீழே காலாவதித் திகதி 2022 ஓகஸ்ட். அதற்கும் கீழே, குளிரான மலைப் பிரதேசத்துக்கு ஏற்ற உருண்டை ரகம் என்று அச்சடித்திருந்தது. கை நடுங்கிவிட்டது. காசு போனதை விட, ஒரு மாதமாக “என் கைராசிதான் சரியில்லை” என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அதுதான் தாங்க முடியவில்லை.

வலையையும் டவுனுக்குக் கொண்டுபோய்க் கடையிலிருந்த 50 சதவீத வலையோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தோம். அதைவிட மெல்லியது. இதைக் காட்டியதும் அந்த நபர் என் இலக்கத்தைத் தடை செய்துவிட்டார்.

சலாது குளிர்ந்த நிலத்துப் பயிர். 15 முதல் 20 பாகை வரைக்கும்தான் அதற்குச் சுகம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நம்முடைய முற்றம் கடல் மட்டத்தில். ஆனி, ஆடியில் பகல் வெயில் 34, 35 பாகைக்குப் போகும்போது, திறந்த வெளியில் உருண்டைச் சலாது கட்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சூடு கூடினால் செடி பூக்கத்தான் பார்க்கும். தண்டு எழும், பால் கூடும், இலை கசக்கும்.

கோடையில் ஆசைப்பட்டால் இலைச் சலாது மட்டும் போடுங்கள். காலை வெயில் மட்டும் படுகிற கிழக்குப் பக்கம், உண்மையான 50 சதவீத வலை, மணலில் நிறைய மக்கிய எரு, மேலே வைக்கோல். தம்பலகாமத்தில் அறுவடை முடிந்ததும் வைக்கோல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். விதையை ஆழமாகப் புதைக்காதீர்கள், வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். மண்ணில் தூவி லேசாக அழுத்தினால் போதும். உருண்டைக்குக் காத்திராமல், இளசாக இருக்கும்போதே வெளி இலையாகப் பறியுங்கள். நான் அந்தக் கடை விதையை இப்படித்தான் வளர்த்தேன், இருபத்தெட்டாம் நாள் ஒரு கிண்ணம் பறித்தேன். கசப்பில்லை. அதுவும் வேண்டாம் என்றால் பசளிக் கீரையும் கங்குன் கீரையும் இந்த வெயிலுக்கு அஞ்சாது.

என்னைப் போல ஏற்கனவே ஏமாந்தவர்களுக்கு: பைக்கற், வங்கிச் சீட்டு, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். விதை விற்பதற்கு 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டம் இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் 1920 க்கு எடுத்துக் கேட்கலாம், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும் காட்டலாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. அவர்களிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுப்பதென்றால், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நான் போன திங்கட்கிழமை கொடுத்துவிட்டேன்.

அவர் இப்போது அதே படத்தைப் போட்டு “ஆடிச் சலுகை 7,500” என்று விற்கிறார். அந்தப் படத்தில் உருண்டைச் சலாதுக்குப் பின்னால் தேயிலைச் செடி தெரிகிறது, பெரிதாக்கிப் பாருங்கள்.