1976 ஜிஎம்சி மோட்டார்ஹோம்: ஐந்து நாள் ஓட்டிப் பார்த்த பிறகு

மோட்டார்ஹோம் என்றால் படுக்கை, குளியலறையோடு உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வீட்டு வண்டி. நண்பர் ஒருவர் அமெரிக்காவின் ஜிஎம்சி கம்பெனி செய்த தன்னுடைய 1976 மோட்டார்ஹோமை, எலிகன்ஸா II மாடல், 26 அடி நீளம், நம்பி எங்கள் கையில் கொடுத்தார். நாங்கள் இருப்பது டெட்ராய்ட் பக்கம், இந்த வண்டி தயாரான பான்டியாக் ஊர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கிருந்து வடக்கே கிளம்பி, மேக்கினாக் பாலத்தைத் தாண்டி, மிச்சிகன் ஏரியை ஒட்டிப் போகும் சாலையில் கொஞ்சம் சுற்றிவிட்டுத் திரும்பினோம்.

முதலில் படியைப் பற்றிச் சொல்கிறேன். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. போன வருடம் வாடகைக்கு எடுத்த புது மோட்டார்ஹோமில் அவர் ஏற ஒருவர் மேலே நின்று கையைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கீழே நிற்க வேண்டும், இரண்டாம் நாளே "நான் உள்ளேயே இருக்கேன், நீங்க போய் பார்த்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். இந்த வண்டியின் தரை சாலையிலிருந்து சுமார் 14 அங்குலம்தான். திண்ணையில் ஏறுவது போல அம்மா தானாக ஏறினார், தானாக இறங்கினார், ஏரிக்கரையில் எங்களுக்கு முன்னால் போய் நின்றார்.

தரை இவ்வளவு தாழ்ந்திருப்பதற்குக் காரணம் ஒரே ஒரு முடிவு. மற்ற கம்பெனிகள் லாரியின் அடிச்சட்டத்தை வாங்கி அதன் மேல் வீட்டைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஜிஎம்சி ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ காரின் முன்சக்கர இயக்கத்தை, அதாவது எஞ்சின் முன்சக்கரங்களையே சுழற்றும் அமைப்பை, எடுத்து இதில் வைத்தது. 455 கன அங்குல வி8 எஞ்சின், அதாவது ஏறக்குறைய 7.5 லிட்டர், பக்கத்திலேயே கியர்பாக்ஸ், இரண்டுக்கும் நடுவே சக்தியைக் கடத்த ஒரு சங்கிலி. எல்லாமே முன்னால் முடிந்துவிடுவதால் எஞ்சின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளமான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் தரைக்கு அடியில் கிடையாது, பின்னால் குறுக்கே ஓடும் ஆக்சிலும் கிடையாது. பின்பக்கம் ஒவ்வொரு புறமும் இரண்டு சக்கரம், ஒன்றின் பின் ஒன்றாக, நடுவில் காற்று நிரப்பிய ரப்பர் பலூன். மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறினால் இன்னொன்று அதைத் தாங்கிக்கொள்கிறது. டம்ளரில் பாதி காபியோடு மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைச் சிந்தாமல் குடித்து முடித்தார்கள், நான் மணிக்கு 60 மைலில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சொகுசு என்று நான் சொல்வது இதைத்தான். உள்ளே பளிங்கும் தோலும் இருக்கிற வண்டிகள் இன்று எத்தனையோ உண்டு, ஆனால் ஓடும்போது அலமாரி எல்லாம் கடகடவென்று ஆடும். இதில் ஜன்னல்கள் அவ்வளவு பெரியவை, முன்கண்ணாடி அதைவிடப் பெரியது, பகலில் உள்ளே விளக்கே தேவைப்படவில்லை. மேக்கினாக் பாலம் 5 மைல் நீளம், உள்பக்க லேன் இரும்புக் கிராதி, காற்று அடித்தால் உயரமான வண்டிக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். இது தாழ்வான, வழுவழுப்பான உடம்பு, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காமலே கடந்தோம். முகாமில் நிறுத்தியதும் பின்பக்கக் காற்றை ஏற்றி இறக்கி வண்டியைச் சமப்படுத்திக்கொள்ளலாம், கட்டை தேடி அலைய வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு காலனுக்கு 8 முதல் 10 மைல் வந்தால் பெரிய விஷயம், டேங்க் இரண்டும் சேர்ந்து 50 காலன், பெட்ரோல் பங்கில் மீட்டரைப் பார்க்கவே மனசு வராது. எஞ்சின் மூடி வண்டிக்கு உள்ளேயே இருப்பதால் ஓட்டுபவர் காலடியில் சூடும் சத்தமும் உண்டு. ஆறு சக்கரத்திலும் பிரேக் இருந்தாலும் இன்றைய வண்டி போல் சட்டென்று பிடிக்காது, முன்னால் போகிறவருக்கு நல்ல இடைவெளி விட வேண்டும். படுக்கையும் குளியலறையும் இன்றைய வண்டிகளோடு பார்த்தால் இடம் குறுகல்தான்.

கிளம்புவதற்கு முன் ஒரு பட்டறைக்கு டயர் மாற்றக் கொண்டுபோனோம். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தவர், ஜாக்கி எங்கே வைப்பதென்று தெரியாமல் கண்ணாடியிழைப் பாகத்துக்கு அடியில் வைக்கப் பார்த்தார், நண்பர் ஓடிப்போய்த் தடுத்தார். இந்த வண்டி வாங்குகிறவர் கொஞ்சமாவது தானே கற்றுக்கொள்ள வேண்டும். பழைய 16.5 அங்குல ரிம் இருந்தால் அதற்கு டயர் கிடைப்பது கஷ்டம், பலர் 16 அங்குலத்துக்கு மாறிவிட்டார்கள். அப்புறம் முக்கியமானது பெட்ரோல் ஹோஸ். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரை அரித்துவிடும், சூடான எஞ்சின் மேல் கசிந்தால் தீதான். வாங்கிய அன்றே எல்லா ஹோஸையும் மாற்றிவிடுங்கள், பெயின்ட்டும் திரைச்சீலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

1973 முதல் 1978 வரை ஏறக்குறைய 13,000 வண்டிகள்தான் செய்தார்கள். 1979 மாடலில் டொரொனாடோ காரே சிறுத்துவிட்டது, இந்த வண்டியை இழுக்கிற எஞ்சினும் கியர்பாக்ஸும் அதோடு போய்விட்டன. ஆனாலும் உடம்பு அலுமினியமும் கண்ணாடியிழையும் என்பதால் துரு அதைத் தின்னவில்லை, அடிச்சட்டத்தை மட்டும் குனிந்து பார்த்து வாங்கினால் போதும். உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது, இந்த வண்டிக்கென்றே செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது, விற்கிற எண்ணம் வந்தால் முதலில் எங்களிடம் சொல்லும்படி நண்பரிடம் கேட்டிருக்கிறேன். அம்மா ஊருக்குத் திரும்புவதற்குள் இன்னொரு தடவை வண்டியைத் தருவதாக நண்பர் சொல்லியிருக்கிறார்.