'வாட்டர்ப்ரூஃப்' அட்டையை நம்பாதீர்கள், தையலைத் திருப்பிப் பாருங்கள்

லண்டனில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கும், இனிமேல் போகலாம் என்று யோசிக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மழைக்கு என்று சொல்லி எனக்கு விற்ற ஒரு ஜாக்கெட்டால் 129 பவுண்டும் மூன்று மாத நிம்மதியும் போயின. பணம் ஒருவழியாக வந்துவிட்டது. ஆனால் போன சனிக்கிழமை அந்தக் கடை வழியாகப் போனபோது அதே ஜாக்கெட், அதே அட்டையோடு, வாசலுக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போய்த் திருப்பிப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை. அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் எந்தக் கடையிலும் ஏமாற மாட்டீர்கள்.

நான் டூட்டிங்கில் இருக்கிறேன். அலுவலகம் லண்டனின் நிதி வட்டாரமான சிட்டியில், சதக் பாலத்தைத் தாண்டியதும். 2010-ல் நீலப் பெயின்ட் அடித்துத் திறந்தார்களே அந்தச் சைக்கிள் பாதை, இப்போது சைக்கிள்வே 7 என்கிறார்கள், அது எங்கள் பக்கமாகவே போகிறது. கிளாப்பம், ஸ்டாக்வெல், ஓவல், எலிஃபன்ட் அண்ட் காசில் என்று சுமார் 10 கிலோமீட்டர். சிக்னல்களில் நின்று நின்று போனால் எனக்கு 45 நிமிடம் ஆகும். கோடையில் சுகமான பயணம். நவம்பர் வந்தால்தான் கஷ்டம். இந்த ஊர் மழை நம் ஊர் மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போவதில்லை. கடை ஓரமாக ஒதுங்கி நின்றால் விட்டுவிடும் என்று காத்திருக்கவும் முடியாது. பொடித்தூறலாக நசநசவென்று நாள் முழுக்க விழும். பகலிலேயே பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டால், அப்புறம் வீடு திரும்புவது இருட்டில்தான்.

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். விஷயத்தைத் தெளிவாகவே சொன்னேன்: தினமும் வேலைக்குப் போக வேண்டும், தூறலில் முக்கால் மணி நேரம் ஓட்ட வேண்டும், அலுவலகம் போய்ச் சேரும்போது உள்ளே போட்டிருக்கும் சட்டை நனையக் கூடாது, பந்தயக்காரர்கள் போடுகிற இறுக்கமான உடுப்பு எனக்கு வேண்டாம். விற்பனையாளர் யோசிக்காமல் ஒரு ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். 180 பவுண்டு, தள்ளுபடியில் 129. அட்டையில் பெரிய எழுத்தில் 'வாட்டர்ப்ரூஃப்', கீழே '10,000'. கூடவே, உள்ளே பஞ்சு மாதிரி ஃபிளீஸ் வைத்துத் தைத்த ஒரு பேன்ட், 62 பவுண்டு. "இந்த இரண்டும் இருந்தால் இந்தக் குளிர்காலத்துக்குக் கவலையே இல்லை" என்றார். கிரெடிட் கார்டில் வாங்கி வந்தேன்.

முதல் இரண்டு வாரம் பெரிதாக மழை இல்லை. பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, கிளம்பும்போதே தூறல். ஸ்டாக்வெல் வருவதற்குள் தோள்பட்டையில் சில்லென்று இருந்தது. அலுவலகத்தில் ஜாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தேன். சட்டையில், ஜாக்கெட்டின் தோள் தையல் ஓடுகிற இடத்துக்கு நேர் கீழே, விரல் அகலத்துக்கு இரண்டு ஈரக் கோடுகள், கழுத்திலிருந்து கைவரை. அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தன. மற்ற இடங்களில் துணி வழியாக ஒரு சொட்டும் இறங்கவில்லை. முதுகு மட்டும் வேறு மாதிரி நனைந்திருந்தது, அது வியர்வை. அன்றைக்கு மதியம் வரை அந்த ஈரச் சட்டையோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமையே கடைக்குப் போனேன். வாங்கி 21 நாள். அவர்கள் சொன்னது மூன்று: போட்டு ஓட்டிவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது, தள்ளுபடியில் வாங்கியதற்குப் பணம் திரும்பத் தருவதில்லை, ஜாக்கெட்டில் குறை என்றால் அதைச் செய்த கம்பெனிக்குத்தான் எழுத வேண்டும். மூன்றையும் நம்பிவிட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், கம்பெனியின் மின்னஞ்சல் முகவரியையும் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கே எழுதினேன். பதில் வர 12 நாள் ஆனது. துணி மட்டும்தான் வாட்டர்ப்ரூஃப், இந்த மாடலில் தையல் ஓட்டைகளை மூடும் டேப் கிடையாது, லேசான தூறலுக்கு ஏற்றது, மேற்கொண்டு வாங்கிய கடையைத் தொடர்புகொள்ளவும் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தோடு மறுபடியும் கடைக்குப் போனேன். 35-வது நாள். "30 நாள் தாண்டிவிட்டதே" என்றார்கள்.

அப்போதும் அந்த 30 நாள் என்னவென்று எனக்குத் தெரியாது. ஜாக்கெட் ஏன் ஒழுகியது என்று முதலில் எனக்குப் புரியவைத்தவர் எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடமாக மழையோ வெயிலோ சைக்கிளில்தான் கடைக்கு வருகிறார். ஜாக்கெட்டைக் காட்டினேன். ஜிப்பைத் திறந்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கல்லா மேல் விரித்துப் போட்டார்.

"இஞ்ச பாரும் தங்கச்சி. தையல்ல டேப் ஒட்டியிருக்கோ? ஊசி குத்தின ஓட்டை அப்பிடியே தெரியுது. காசு குடுக்க முன்னம் இதைத்தான் பாத்திருக்கோணும்."

பிறகு தன் பழைய ஜாக்கெட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதில் ஒவ்வொரு தையலின் மேலும் கால் அங்குல அகலத்தில் வழவழவென்று ஒரு பட்டை, சூட்டில் ஒட்டியது, ஓரம்கூடப் பிரியவில்லை. என்னுடையதில் நூல் மட்டும்தான். விரலால் தடவினாலே வித்தியாசம் தெரிகிறது, பத்து வினாடி வேலை.

அட்டையில் இருக்கும் 10,000 என்பது மில்லிமீட்டர் கணக்கு. அந்தத் துணியின் மேல் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிற அளவு அழுத்தம் வந்தால்தான் தண்ணீர் உள்ளே கசியும் என்று பொருள். நல்ல எண்தான். ஆனால் அந்தச் சோதனை துணிக்கு, தைத்து முடித்த ஜாக்கெட்டுக்கு இல்லை. தைக்கும்போது ஊசி அதே துணியில் ஆயிரக்கணக்கான ஓட்டைகள் போடுகிறது. அதன் மேல் டேப் ஒட்டாவிட்டால் தோளில் விழும் தூறல் தையல் வழியாக உள்ளே போகும். சில ஜாக்கெட்டுகளில் தோளிலும் கழுத்திலும் மட்டும் டேப் ஒட்டியிருப்பார்கள். 'ஃபுல்லி டேப்டு', 'கிரிட்டிகலி டேப்டு' என்று அட்டையில் பிரித்து எழுதியிருக்கும். தினமும் ஓட்டுகிறவர்களுக்கு முதலாவதுதான் வேண்டும்.

இனி சட்டம். இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். இந்த நாட்டில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் சொன்ன மாதிரி இருக்க வேண்டும், நாம் எதற்கு என்று சொல்லி வாங்கினோமோ அதற்கு உதவ வேண்டும். இல்லையென்றால் பதில் சொல்ல வேண்டியது விற்ற கடை. செய்த கம்பெனிக்கு எழுதச் சொல்லி நம்மை அனுப்பிவைக்க முடியாது. தள்ளுபடியில் வாங்கினாலும் இதே உரிமைதான். ஒருமுறை போட்டு ஓட்டியதால் அது போய்விடாது, மழையில் போடாமல் ஒழுகுவது எப்படித் தெரியும்? குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்க 30 நாள். நான் முதல்முறை போனது 21-வது நாள். அன்றைக்கே "திருப்பித் தருகிறேன், பணம் கொடுங்கள்" என்று எழுத்தில் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கம்பெனிக்கு எழுதுங்கள் என்ற அந்த ஒரு வார்த்தையில் என் மிச்ச நாட்கள் கரைந்துபோயின. அவர்கள் வேண்டுமென்றே செய்தார்களா என்று என்னால் சொல்ல முடியாது. நடந்தது இதுதான்.

30 நாள் தாண்டினாலும் எல்லாம் போய்விடுவதில்லை. அதற்குப் பிறகு கடைக்கு ஒரு வாய்ப்பு, சரிசெய்து தரலாம் அல்லது மாற்றித் தரலாம். அதுவும் சரியில்லை என்றால் பணத்தைக் கேட்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள், குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடையின் பொறுப்பு. இதை எழுதி அனுப்பியதும் மாற்று ஜாக்கெட் தருகிறோம் என்றார்கள். அதே மாடல், அதே டேப் இல்லாத தையல். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் காப்பாற்றியது கிரெடிட் கார்டு. 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவு, இங்கே எல்லோரும் 'செக்‌ஷன் 75' என்பார்கள். 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளை கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், கடையைப் போலவே கார்டு கொடுத்த வங்கிக்கும் பொறுப்பு உண்டு. டெபிட் கார்டுக்கு இது கிடையாது. நல்லவேளையாக ஜாக்கெட்டில் தொங்கிய அந்த 'வாட்டர்ப்ரூஃப்' அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். அட்டையின் படம், திருப்பிப் போட்ட தையலின் படம், டேப் இல்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்ட கடிதம், கடையோடு நடந்த மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் நவம்பர் கடைசியில் வங்கிக்கு அனுப்பினேன். ஜனவரியில் 129 பவுண்டு கணக்கில் வந்தது. வங்கியும் மறுத்திருந்தால், வங்கிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போயிருப்பேன், அங்கே கட்டணம் இல்லை. என்ன எழுதுவது, யாருக்கு எழுதுவது என்று தெரியாதவர்கள் இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். எனக்கு அங்கேதான் வழி சொன்னார்கள்.

ஜாக்கெட் ஒழுகாமல் இருந்திருந்தாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை என் முதுகு நனைந்துதான் இருக்கும். இதைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. ஈரம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. காற்றோட்டம் உண்டு என்று எழுதிய துணியாக இருந்தாலும், வெளியே காற்றே ஈரமாக இருக்கும் நாளில் உள்ளே இருக்கும் வியர்வை ஆவி வெளியேறச் சிரமப்படும். துணியின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருள்வது நின்று, துணி ஊறிக் கருத்துப்போனால், ஆவி போகிற வழி இன்னும் அடைபடும். அட்டையில் இருக்கும் எண்ணைப் பார்ப்பதைவிட அக்குளில் ஜிப் இருக்கிறதா, முதுகில் திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி துணியை மென்மையாக்குகிற எதையும் ஊற்றாதீர்கள், துணியின் மேல் இருக்கும் நீர் ஒட்டாத பூச்சு கெட்டுவிடும்.

உள்ளே நான் இப்போது போடுவது மெல்லிய மெரினோ கம்பளி பனியன். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்கிறது, கிளாப்பம் சிக்னலில் நிற்கும்போது முதுகில் ஐஸ் வைத்த மாதிரி இருக்கும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது, இரண்டு மூன்று நாள் போட்டாலும் நாறாது. விலை கூடத்தான், ஆனால் இரண்டு இருந்தால் வாரம் ஓடிவிடும். வீட்டு வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அங்கேயே இதமாக இருந்தால் பத்தாவது நிமிடம் வியர்க்கும். சாதாரண மெல்லிய பேன்ட் போதும், அலுவலகத்தில் மாற்ற இன்னொன்றைப் பையில் வைத்துக்கொள்கிறேன். ஜீன்ஸ் நனைந்தால் மாலை வரை காயாது. குர்தா போடுகிறவர்கள் நுனியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், செயினில் மாட்டினால் ஆபத்து.

இன்னொன்று, ஜாக்கெட்டின் பின்பக்கம் நீளமாக இருப்பது நல்லதுதான், குனிந்து ஓட்டும்போது இடுப்பு நனையாது. ஆனால் சீட்டுக்குக் கீழே சிவப்பு விளக்கு வைத்திருந்தால் அதை மறைக்கிறதா என்று யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். என்னுடையது பாதி மறைத்திருந்தது. இருட்டில் வீடு திரும்புகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

உடுப்புக்குப் பணம் போடுவதற்கு முன்னால் சைக்கிளுக்கு இரண்டு சக்கரத்துக்கும் முழு மட்கார்ட் போடுங்கள். மேலிருந்து விழும் தூறலைவிடச் சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீர்தான் என்னை அதிகம் நனைத்துக்கொண்டிருந்தது. அதைப் போட்டபிறகு காலும் முதுகும் பாதிக்கு மேல் காய்ந்தே இருக்கின்றன. அண்ணை ஒரு படி மேலே போய், கொட்டுகிற நாளில் பழைய காலத்துச் சைக்கிள் கேப் போடுகிறார். கைப்பிடிவரை விரிகிற அந்தப் போர்வை, அடியில் திறந்திருப்பதால் வியர்க்காதாம். எதிர்காற்று இல்லாத நாளில் நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன், உண்மைதான்.

அந்த 62 பவுண்டு பேன்டுக்குப் பணம் வரவில்லை. 100 பவுண்டுக்குக் கீழே என்பதால் செக்‌ஷன் 75 அதற்குப் பொருந்தாது. அது ஒழுகவும் இல்லை, கிழியவும் இல்லை, அட்டையில் சொன்னபடி கதகதப்பாகத்தான் இருக்கிறது. அதைப் போட்டு முக்கால் மணி நேரம் மிதித்தால் தொடையெல்லாம் வியர்வையில் ஒட்டிக்கொள்கிறது. கடையில் நேரில் வாங்கியதால், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கவும் உரிமை இல்லை. இணையத்தில் வாங்கியிருந்தால் கையில் கிடைத்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இப்போது சனிக்கிழமை காய்கறி வாங்க டூட்டிங் சந்தைக்கு நடந்து போகும்போது அதைப் போட்டுக்கொள்கிறேன்.