454, 440, 460: எந்த பிக் பிளாக்கைக் கட்டலாம்?

1970-ஐ ஒட்டி வந்த அமெரிக்க மசில் கார் ஒன்றுக்கு எஞ்சின் கட்ட உட்கார்ந்தால், முதல் சண்டை கன அங்குலத்தில், அதாவது எஞ்சினின் கொள்ளளவில் வரும். செவர்லே 454, கிரைஸ்லர் 440, ஃபோர்டு 460: மூன்றும் 'பிக் பிளாக்' எனப்படும் பெரிய வி8 எஞ்சின்கள். லிட்டர் கணக்கில் 7.4, 7.2, 7.5. இந்த வித்தியாசம் ரோட்டில் தெரியவே தெரியாது. தெரிகிற வித்தியாசமெல்லாம் ஹெட்டில், அதாவது வால்வுகள் உட்காரும் சிலிண்டர் மூடியில்தான் இருக்கிறது.

முதலில் 454. இதன் பெயர் பரவியதற்கு 1970 செவல் எஸ்எஸ் காரில் வந்த எல்எஸ்6 ஒரு முக்கியக் காரணம்: 450 குதிரைத்திறன், 11.25:1 கம்ப்ரெஷன் (சிலிண்டரில் கலவையை அழுத்தும் விகிதம்), சாலிட் லிஃப்டர் கேம். கேம் என்பது வால்வுகளைத் திறக்கும் தண்டு, லிஃப்டர் அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் துண்டு. (அந்த 450, ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் மாட்டாமல் அளந்த பழைய கணக்கு.) இதைப் படித்துவிட்டு 454 தேடிப் போனால், கையில் சிக்குவது பெரும்பாலும் பிக்கப்பிலிருந்து கழற்றியது. கம்ப்ரெஷன் 8:1 பக்கம், காற்று நுழையும் வழியான போர்ட்டும் சின்னது. பெயர் ஒன்றுதான், ஆள் வேறு.

ஆனால் பிளாக் நல்ல பிளாக், ஹெட் அதைவிட நல்ல ஹெட். வால்வுகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்பதால் 'முள்ளம்பன்றி' என்றே பட்டப்பெயர். காற்று தாராளமாக உள்ளே போகும். இதில் ஓவல் போர்ட், செவ்வக போர்ட் என்று இரண்டு வகை உண்டு. பெரியது நல்லது என்று செவ்வகத்தை வாங்கி, சிக்னலிலிருந்து கிளம்பும்போது எஞ்சின் தூங்குகிறதே என்று புலம்புபவர்கள் ஏராளம். போர்ட் அகலமானால் குறைந்த ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் விழுந்துவிடும். தினசரி ஓட்ட ஓவல்தான். சிலிண்டரை 0.060 அங்குலம் பெரிதாக்கி, 4.25 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) தரும் கிராங்க் தண்டைப் போட்டால் 496 கன அங்குலம் வந்துவிடும். மூன்றிலும் உதிரிபாகம் மலிவாக, விதவிதமாகக் கிடைப்பதும் இதற்குத்தான்.

440-ஐ வடிவமைத்தவர்கள் மெக்கானிக்கை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும், ஆயில் பம்பும் முன்பக்கம், கை எட்டும் இடத்தில். காற்றை ஹெட்டுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் தண்ணீர் ஓடாது. அதனால் ரேடியேட்டரைக் காலி செய்யாமலே அதைக் கழற்றி மாற்றலாம். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு 6.768 அங்குல நீளம், ஸ்ட்ரோக் 3.75தான். 454-ஓடு ஒப்பிட்டால் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் சாய்ந்து உரசுவது குறைவு. 1970-களின் தொடக்கம் வரை வந்தவற்றில் அடித்து உருவாக்கிய, உறுதியான ஃபோர்ஜ்டு கிராங்க்கும் உண்டு. குறை ஹெட்தான். வால்வுகள் ஒரே வரிசையில் நிற்கும் சாதாரண வெட்ஜ் (ஆப்பு வடிவ எரிப்பறை) அமைப்பு. மூன்று கார்புரேட்டர் வைத்த சிக்ஸ் பேக்கே 390 குதிரைத்திறன்தான். நல்ல அலுமினிய ஹெட் போட்டால் குறை தீரும், ஆனால் விலை கையைக் கடிக்கும்.

460 ஒரு ஏழைப் பங்காளன். 1968-ல் லிங்கனில் தொடங்கி 1990-களின் பிற்பகுதி வரை பிக்கப்பிலும் மோட்டார் ஹோமிலும் ஓடியது. எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் புகைக் கட்டுப்பாட்டுக்காக வார்த்துவைத்த மேடு ஒன்று மூச்சை அடைக்கும், அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். 1972-க்குப் பிந்தையது என்றால் கேம் டைமிங்கையும் (வால்வுகள் திறக்கும் நேரம்) பின்தள்ளி வைத்திருப்பார்கள். பழைய அளவு டைமிங் செட் (கேமைச் சுழற்றும் சங்கிலியும் பற்சக்கரங்களும்) போட்டால் எஞ்சின் விழித்துக்கொள்ளும். சிக்கல் அகலம். 1969 மஸ்டாங்கில் ஃபோர்டின் பாஸ் 429 எஞ்சினை உட்கார வைக்கவே, ஷாக் அப்சார்பர் பொருந்தும் ஷாக் டவரை மாற்ற காரைக் கார் கிராஃப்ட் பட்டறைக்கு அனுப்பினார்கள். 460-உம் அதே குடும்பம்.

சரி, எதைக் கட்டலாம்? கிரைஸ்லரின் சார்ஜரோ ரோட் ரன்னரோ வைத்திருப்பவர் 440-ஐ விட்டு நகரக் கூடாது. அதில் செவர்லே எஞ்சினைப் போட்டால் விற்கும்போது விலையில் தெரியும். பெரிய ஃபோர்டு இருந்து, பட்ஜெட் சிறிது என்றால் 460. இரண்டும் இல்லை என்றால் என் ஓட்டு 454-க்கு: ஓவல் போர்ட் அலுமினிய ஹெட், 10:1-க்குள் கம்ப்ரெஷன், பங்கில் கிடைக்கும் 91 ஆக்டேன் போதும். ஒரே ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். லிஃப்டரின் தட்டை அடி நேராக உரசும் ஃபிளாட் டாப்பெட் கேம் மலிவுதான், ஆனால் முதல் ஸ்டார்ட்டிலேயே 20 நிமிடம் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்திருக்க வேண்டும். அங்கே பிசகினால் கேம் தேய்ந்து, அந்த இரும்புத்தூள் ஆயிலோடு பேரிங் வரைக்கும் போய்விடும். லிஃப்டரின் அடியில் உருளை வைத்த ஹைட்ராலிக் ரோலர் கேமை வாங்கிவிடுங்கள்.