கோல சிலாங்கூரா, மானாமதுரையா, தாராவியா? பானை வனையக் கற்க எங்கே போகலாம்

மண்பாண்டப் பட்டறைக்குப் போய் ஒரு நாளாவது மண் பிசைந்து பார்க்க வேண்டும் என்று கோலாலம்பூரில் நம்மவர்கள் பலர் ஆசைப்படுகிறார்கள். பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம், தமிழ்நாட்டுப் பயணத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளலாமா, இங்குள்ள ஸ்டூடியோ வகுப்பே போதாதா என்று கேட்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: சக்கரத்திலிருந்து மண்ணை அறுத்தெடுத்த பிறகு அங்கே என்ன காட்டுகிறார்கள்?

காரணம் இருக்கிறது. சுழலும் சக்கரத்தின் முன் உட்கார வைப்பது எல்லா இடத்திலும் உண்டு. குயவர் உங்கள் கைமேல் கை வைத்துப் பிடிப்பார், ஒரு கிண்ணம் எழும்பும், படம் எடுத்துக்கொள்வீர்கள், முடிந்தது. நம் சோற்றுப்பானைக்கோ சக்கரம் பாதி வேலைதான். அங்கே வாயும் கழுத்தும் மட்டுமே முழு உருவம் பெறும். கீழ்ப்பகுதியைத் தடித்த சுவராக, அடி இல்லாமல் திறந்தபடியே நூலால் அறுத்தெடுப்பார்கள். நிழலில் கொஞ்சம் இறுகியதும் அதை மடியில் கிடத்தி, இடது கையால் உள்ளே ஓர் உருண்டைக் கல்லை அணைத்துப் பிடித்து, வலது கையில் தட்டுப்பலகையால் வெளியிலிருந்து தட்டிக்கொண்டே திருப்புவார்கள். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து பரவி, திறந்திருந்த அடி தானாகக் கூடி மூடிக்கொள்ளும். முதலில் சொத்சொத்தென்று ஈரமாகக் கேட்கும் ஓசை போகப்போக இறுகும். எங்கே இன்னும் தடிப்பு இருக்கிறது என்பதைக் காதே சொல்லிவிடும். அடுப்பில் வைத்தால் விரிசல் விடாமல் சூடு பரவும் உருண்டை அடி இப்படித்தான் வருகிறது. இதைப் பார்க்காமல் திரும்பினால் பானை செய்வதைப் பார்த்ததாகவே நான் எண்ண மாட்டேன்.

கோலாலம்பூர் ஸ்டூடியோக்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மின்சக்கரம், பக்குவப்படுத்தி வரும் ஸ்டோன்வேர் மண் (உயர்ந்த சூட்டில் சுடுவதற்கான களிமண்), மின்சூளை. ஒரு முறை சுட்டு, மெருகு பூசி, 1,200 டிகிரிக்கு மேல் மறுபடியும் சுடுவார்கள். சில வாரம் கழித்துப் போனால் தண்ணீர் கசியாத கோப்பை கையில் கிடைக்கும். தொடர்ந்து வாரா வாரம் பழக இதைவிட வசதியான வழி இல்லை. ஆனால் தட்டுப்பலகையைப் பெரும்பாலும் அங்கே பார்க்க முடியாது. நம் பாட்டிமார் புழங்கிய சட்டியின் கதையும் அங்கே கிடைக்காது.

அந்தக் கதைக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. கோல சிலாங்கூர் பக்கம் கம்போங் குவாந்தானில், மின்மினிப் பூச்சி பார்க்கப் படகேறுகிறோமே, அந்த வட்டாரத்திலேயே தமிழ்க் குயவர் பட்டறை இருக்கிறது. லாத்தார் நெடுஞ்சாலையில் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரம். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் நாம் வாங்கும் அகல், தைப்பொங்கலுக்கு வாங்கும் பானை என்று வேலை நடக்கும் உண்மையான தொழிற்கூடம் அது. சுற்றுலாவுக்காகப் போட்ட மேடை இல்லை. பிள்ளைகளுக்கு இதன் பெரிய லாபம் மொழிதான். "அங்கிள், இது ஏன் கோணிக்கிச்சு?" என்று கேட்கலாம், பதிலும் தமிழிலேயே வரும். முன்கூட்டியே அழைத்துப் பேசிவிட்டுப் போங்கள். பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் பாடம் கேட்டு நிற்காதீர்கள். ஆர்டர் முடிக்க ராப்பகலாக உழைக்கும் நேரம் அது. அப்போது போனால் பானை வாங்கிக்கொண்டு நகர்வதுதான் மரியாதை.

இனி மானாமதுரை. சிவகங்கை மாவட்டம், வைகைக் கரை. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக இராமேசுவரம் போகும் ரயில் பாதையிலேயே மானாமதுரை வந்துவிடும். மதுரையில் தங்கியிருப்பவர்கள் காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பலாம். இவ்வூர் மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கச்சேரி மேடையில் ஒலிக்கும் கடத்துக்கும் இதுதான் பேர்போன ஊர். இவ்வூர்க் கடம் வனைஞர் மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாடமி விருது கொடுத்தது.

நான் மேலே சொன்ன தட்டும் வேலையின் உச்சம் கடம்தான். பானையைவிடப் பல மடங்கு தட்டு வாங்கும். சுவர் எல்லாப் பக்கமும் சீராக இருந்தால்தான் எங்கே தட்டினாலும் நாதம் ஒத்து வரும். மிருதங்கம் போல வாரை இழுத்துச் சுருதி சேர்க்க இதில் வழியில்லை. மண்ணின் அளவு, பானையின் பருமன், சுவரின் கனம் இவற்றை வைத்து முதலிலேயே இன்ன சுருதிக்கு என்று தீர்மானித்துச் செய்வதால், ஒவ்வொரு சுருதிக்கும் தனிக் கடம். சூளையிலிருந்து வெளியே வந்து, ஆறி, விரலால் தட்டிப் பார்க்கும்வரை அது தேறியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் யாராவது மிருதங்கமோ கஞ்சிராவோ கற்றுக்கொண்டிருந்தால் வேறு ஊரை யோசிக்கவே வேண்டாம், அவரைக் கட்டாயம் இங்கே கூட்டிப்போங்கள்.

குறை ஒன்றும் இல்லாமல் இல்லை. இங்கே எல்லாரும் பயணிகளுக்கென்று வகுப்பு நடத்துவதில்லை. தெருவில் இறங்கி விசாரித்து, பேசி, ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது. அடுத்தது மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பச்சைப் பானை காயாது, சூளை மூட்ட முடியாது. நம் பிள்ளைகளின் ஆண்டிறுதி விடுமுறைத் தொடக்கம் அதோடு மோதிவிடுகிறது. பொங்கல் கழிந்து மார்ச் வரை சரியான காலம்.

மும்பை தாராவியின் கும்பர்வாடா வேறு உலகம். குஜராத்திலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் 1930களில் இங்கே குடியேறின. வீட்டுக்கு முன்னால் பட்டறை, நடுவில் சூளை, பின்னல் சந்துகள். சூளையில் துணிக்கழிவும் எரிப்பார்கள் என்பதால் புகை கடுமையாக இருக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் கவனிக்கவும். பயணிகள் பட்டறை என்ற வகையில் மூன்றில் இதுதான் ஒழுங்கு: வழிகாட்டியோடு சுற்றிவிட்டுச் சக்கரத்தில் உட்காரும் ஏற்பாட்டை ஊரில் இருந்தபடியே பதிவு செய்யலாம். தாராவியில் தமிழர்கள் ஏராளம், ஆனால் கும்பர்வாடாவின் வீட்டு மொழி குஜராத்தி. ஓரிரு மணி நேரத்துக்குள் முடிவதால் பார்வை சக்கரத்தோடு நின்றுவிடும். மக்கள் குடியிருக்கும் தெரு என்பதால் கேட்காமல் கேமராவைத் தூக்கக் கூடாது. தாராவி மறுசீரமைப்பு நடந்துகொண்டிருக்கிறது. சூளைகள் இதே இடத்தில் தொடரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன், பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்குக் கம்போங் குவாந்தான், தொழிலின் ஆழம் தேடுகிறவருக்கு மானாமதுரை. வேறு வேலையாக மும்பை போகிறவர் மட்டும் கும்பர்வாடாவைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கென்றே டிக்கெட் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

இந்தியாவில் நீங்கள் வனைந்ததை அன்றைக்கே எடுத்துவர முடியாது. காய்வதற்கே நாள்கள் ஆகும், சுடாத மண் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். உங்கள் கைப்பட்டதை அங்கேயே விட்டுவிட்டு, அதே வீட்டில் சுட்டு வைத்திருப்பதில் ஒன்றை விலைக்கு வாங்கி, துணி சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சமையல் சட்டி என்றால் அரிசி களைந்த நீரில் ஊறவைத்துப் பழக்கிவிட்டு அடுப்பேற்றுங்கள். பணம் கட்டும் முன் ஒரு கேள்வி: கட்டணத்தில் குயவர் வீட்டுக்கு எவ்வளவு போகிறது? ஏற்பாட்டாளர் மழுப்பினால், நேரே பட்டறைக்குப் போய் அவர்கள் கையிலேயே கொடுங்கள்.